காரும் கட்டுச்சோறும்: வளைகுடா வாசகர்களின் பயணக் கேள்விகள்

கோடை விடுமுறை நெருங்குவதால் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அமீரகத்திலும் ஓமானிலும் வாழும் குடும்பங்களுடையவை. கேட்டிருப்பதும் அநேகமாகக் கார்ப் பயணம் பற்றித்தான். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

இந்த ஆண்டு டிக்கெட் விலை எட்டவில்லை; ஊருக்குப் போகவில்லை. ஜூலை கடைசியில் சொந்தக் காரிலேயே ஓமானின் தெற்குக் கடற்கரையிலுள்ள சலாலா போய்வரலாம் என்கிறார் என் கணவர். பிள்ளைகளுக்கு 9 வயது, 4 வயது. எங்களுடையது சாதாரண செடான் கார். "விடியற்காலை கிளம்பினால் ராத்திரி அங்கே சாப்பிடலாம்" என்று அவருடைய நண்பர்கள் சொல்கிறார்கள். நம்பிக் கிளம்பலாமா? (ஷார்ஜா வாசகி)

தாராளமாகக் கிளம்புங்கள், சகோதரி. சாதாரண கார் போதும், சலாலா வரை தார்ச் சாலைதான். ஆனால் அந்த நண்பர்கள் சொல்லும் கணக்கு வேண்டாம். ஷார்ஜாவிலிருந்து சலாலா 1,200 கிலோமீட்டருக்கும் மேல். எல்லையில் நிற்கிற நேரம், பிள்ளைகள் சிறுநீர் கழிக்க நிறுத்துகிற நேரம், தொழுகை நேரத்துப் பெட்ரோல் பங்க் கூட்டம் எல்லாம் சேர்ந்தால் 16 மணி நேரம் ஆகிவிடும். அதில் கடைசி மூன்று மணி நேரம் இருட்டில், ஒட்டகம் குறுக்கே வரும் சாலையில் ஓடும். ஒட்டகத்துக்குக் கால் நீளம். இடித்தால் கால் பம்பரில் படும், உடல் முழுவதும் முன்கண்ணாடி மேல் வந்து விழும். ஆகவே பொழுது சாய்ந்த பிறகு அந்தச் சாலையில் ஓட்டுவதில்லை என்று கிளம்பும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆறு நாள் ஒதுக்குங்கள். போகும்போது வழியில் ஓர் இரவு, சலாலாவில் மூன்று, வரும்போது ஓர் இரவு. அல் ஐன் போய், மெஸ்யாத் எல்லையில் ஓமானுக்குள் நுழைந்து, இப்ரி வழியாக ஆதம் பக்கம் வந்து, அங்கிருந்து தெற்கே செல்லும் 31ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடியுங்கள். முதல் இரவு ஹைமாவில் தங்கினால் மறுநாள் ஓட்டம் பாதியாகக் குறையும். ஆனால் ஹைமா சிறிய ஊர், விடுதிகள் சில மட்டுமே. கரீஃப் எனப்படும் சாரல் பருவத்தில் அவையும் நிரம்பிவிடும், அறையை முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். அறை கிடைக்கவில்லையென்றால் நிஸ்வாவில் தங்கிவிட்டு, மறுநாள் விடிந்ததும் கிளம்புங்கள். அங்கிருந்து சலாலா சுமார் 870 கி.மீ., முழுப் பகல் ஓட்டம்.

ஆதம் தாண்டினால் இரு பக்கமும் தட்டைச் சரளைக் காடு. கபா, ஹைமா, கஃப்தைன், கித்பித், தும்ரைத் என்று ஊர்ப் பெயராகப் பலகையில் தெரிவதில் பாதி ஒரு பெட்ரோல் பங்க், ஒரு மளிகைக் கடை, ஒரு சாப்பாட்டுக் கடை, அவ்வளவுதான். பெட்ரோல் முள் பாதிக்கு வந்ததும் அடுத்து வரும் பங்கில் நிரப்புங்கள். "அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுப் போனவர்கள்தான் ஏசியை அணைத்துவிட்டு வியர்வையில் குளித்தபடி வந்து சேர்கிறார்கள்.

டயரைக் கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில், வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் இருவர் செல்லும்போது ஓர் அளவும், முழுப் பாரத்துக்கு வேறு அளவும் போட்டிருப்பார்கள். நான்கு பேரும் பெட்டிகளும் ஏறுவதால் முழுப் பார அளவுக்கே காற்றடிக்க வேண்டும். வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து வைப்பது நல்லது என்று பலர் நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு. காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிரும், அதனால் சூடேறி வெடிக்கும். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் படியுங்கள். 2321 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஐந்து வயது தாண்டிய டயருடன் இந்தப் பயணம் வேண்டாம். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கி கைப்பிடி இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

இந்தப் பயணத்தில் பிள்ளைகள் மறக்கவே மாட்டாத இடம் தும்ரைத்துக்குப் பிறகு வரும் 80 கிலோமீட்டர். மலை விளிம்பு வரை வெயில் நாற்பது டிகிரிக்கு மேல் கொதிக்கும். விளிம்பைத் தாண்டி இறங்கத் தொடங்கியதும் சில நிமிடங்களில் வெயில் மறைந்து, மூடுபனி சாலையைச் சூழ்ந்து, 25 டிகிரிக்கு வந்துவிடும். பழுப்பு மண் பச்சைப் புல்லாகிவிடும். அழகு அழகுதான், ஓட்டுபவருக்குச் சோதனையும் அங்கேதான். இத்தனை நேரம் ஏசி ஓடிய கண்ணாடி சில்லென்றிருக்கும். ஈரக்காற்று பட்டதும் வெளிப்பக்கம் பொலபொலவென்று வியர்த்துவிடும். உட்பக்கம் துணியால் துடைத்துப் பயனில்லை. வைப்பரைப் போடுங்கள், ஏசிக் காற்று கண்ணாடி மேல் படாமல் திருப்பி வெப்பத்தைக் கூட்டுங்கள். முகப்பு விளக்கைத் தாழ்த்தியே வைக்க வேண்டும். உயர்த்தினால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். நான்கு இண்டிகேட்டரையும் சிமிட்டிக்கொண்டு ஓட்டாதீர்கள், நீங்கள் நிற்கிறீர்களா போகிறீர்களா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது.

நீங்கள் ஜூலைக் கடைசியைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. ஜூன் 21இல் கரீஃப் தொடங்குவதாகக் கணக்கு, ஆனால் மலை முழுவதும் பச்சையாக ஜூலைப் பாதி தாண்ட வேண்டும். நம் குற்றாலத்தில் சாரலைக் கொண்டுவரும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் இங்கும். மழை கொட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், பூந்தூறலும் பனியும்தான். பிள்ளைகளுக்கு மெல்லிய மழைக்கோட்டும், ஆளுக்கு ஒரு மாற்றுச் செருப்பும் வேண்டும். புல்வெளிச் சேறு வழுக்கும்.

ஊருக்குக் கிழக்கே ஒரு முழு நாள், மேற்கே ஒரு முழு நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கிழக்கில் ஐன் ரஸாத் ஊற்று, தாக்கா, வாதி தர்பாத், சம்ஹுரம் கோட்டை, மிர்பாத் எல்லாம் ஒரே பாதையில் வரும். வாதி தர்பாத்தில் படகு விடுகிறார்கள். படங்களில் காணும் பெரிய அருவி நல்ல மழை பெய்த ஆண்டில்தான் விழும், அதைப் பார்த்தே தீர வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைக்காதீர்கள். மேற்கில் முக்சைல் கடற்கரை. மர்னீஃப் குகைக்குக் கீழே பாறைத் துளைகள் வழியாகக் கடல்நீர் பீச்சியடிக்கும். துளைக்கு மேல் கம்பித் தட்டு போட்டிருக்கிறார்கள். பெரியவர்களே அதன் மேல் ஏறாமல் ஒதுங்கி நின்று பார்ப்பது நல்லது. 2022 ஜூலையில் முக்சைலில் தடுப்பு வேலியைத் தாண்டி நின்றவர்களை அலை இழுத்துச் சென்றது, அதில் குழந்தைகளும் இருந்தார்கள். கரீஃப் மாதங்களில் அந்தக் கடல் கால் நனைக்கிற கடல் இல்லை. நான்கு வயதுப் பிள்ளையின் கையை அங்கே ஒரு நொடிகூட விட வேண்டாம்.

ஒரு மாலையை ஒன்றும் செய்யாமல் கழியுங்கள். ஊருக்குள் சாலையோரம் தென்னந்தோப்பும் வாழைத்தோட்டமுமாக இருக்கும். கீற்றுக் கொட்டகை போட்டு இளநீரும், வாழைப்பழமும், பப்பாளியும் விற்பார்கள். வளைகுடாவிலேயே பிறந்த பிள்ளைகள் இளநீரை மரத்தடியில் வெட்டிக் குடிப்பதற்கு இதைவிடப் பக்கத்தில் வேறு இடம் இல்லை.

ஓமான் எல்லையில் என்னென்ன கேட்பார்கள்? கார் கம்பெனி பெயரில் இருக்கிறது. மனைவி, இரு பிள்ளைகள் என் விசாவில். (அஜ்மான் வாசகர்)

எல்லையிலிருந்து திருப்பி அனுப்பப்படுபவர்களில் பெரும்பாலோர் விசாவினால் திரும்புவதில்லை, கார் தாளினால்தான் திரும்புகிறார்கள். அதனால் முதலில் காரைப் பார்ப்போம்.

முல்கியா (வண்டிப் பதிவு அட்டை) அசல் வேண்டும், காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். அடுத்தது இன்சூரன்ஸ். ஓமானுக்கும் செல்லும் என்று உங்கள் பாலிசியில் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் இன்சூரன்ஸ் கம்பெனியில் கேட்டு 'ஆரஞ்சு கார்டு' வாங்குங்கள். எல்லையிலேயும் விற்கிறார்கள்தான். ஆனால் அங்கே வாங்குவது எதிராளியின் சேதத்துக்கு மட்டுமே. உங்கள் வண்டி அடிபட்டால் ஒரு காசு வராது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே கம்பெனிக்குப் போன் செய்து "ஓமானில் விபத்து நடந்தால் என் வண்டிச் சேதத்துக்குத் தருவீர்களா, வழியில் நின்றுபோனால் இழுத்து வருவீர்களா" என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். முதலாவதற்கு ஆம் என்பவர்கள் இரண்டாவதற்கு இல்லை என்பதுண்டு.

கம்பெனி கார் என்பதால் என்ஓசி (ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்) கட்டாயம். கம்பெனித் தலைப்புத் தாளில், முத்திரையோடு இருக்க வேண்டும். வண்டி எண், ஓட்டுபவர் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, பாஸ்போர்ட் எண், ஓமானுக்குக் கொண்டுசெல்ல அனுமதி என்ற வரி, போகும் தேதி, திரும்பும் தேதி ஆகிய அனைத்தும் வேண்டும். அரபியிலும் இருந்தால் கவுண்டரில் கேள்வி குறையும், டைப்பிங் சென்டரில் செய்து தருவார்கள். உங்கள் மனைவியும் ஓட்டுவார் என்றால் அவர் பெயரையும் சேர்த்து வாங்குங்கள். வாடகைக் காருக்கும் இதே கதைதான். வங்கிக் கடன் கார் வைத்திருப்பவர்கள், நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கடன் ஒப்பந்தத்தில் நிபந்தனை உண்டா என்று முன்பே வங்கியில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆட்களுக்கு வருவோம். அமீரக ரெசிடென்ஸ் உள்ளவர்களுக்கு ஓமான் போலீஸின் இணையத் தளத்திலேயே இ-விசா எடுக்கலாம். 28 நாள் விசா 5 ரியால். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதமும் ரெசிடென்ஸ் மூன்று மாதமும் செல்லுபடியாக வேண்டும். கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் தனி விண்ணப்பம். போட்டோவும் பாஸ்போர்ட் பக்கமும் தெளிவாக இல்லையென்றால் திரும்பி வந்துவிடும். செல்போனில் சாய்த்து எடுத்த படத்தை ஏற்றிவிட்டு "ஏன் ரிஜெக்ட்" என்று கேட்பவர்கள் நிறைய. விசாவை அச்சடித்து இரண்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள், எல்லையில் சில நேரம் நெட் கிடைக்காது. மனைவி, பிள்ளைகள் உங்கள் விசாவில் இருப்பதால் உங்கள் ரெசிடென்ஸ் நகலையும் கல்யாணச் சான்றிதழ் நகலையும் கோப்பில் போட்டு வையுங்கள்.

எல்லையில் வரிசை இப்படி. முதலில் அமீரகப் பக்கம் எக்ஸிட். ஆளுக்கு 35 திர்ஹம் சொச்சம் கட்டணம், பேங்க் கார்டு கையில் இருக்கட்டும். அடுத்து ஓமான் பக்கம் பாஸ்போர்ட் கவுண்டர், இன்சூரன்ஸ் பார்வை, கஸ்டம்ஸ் சோதனை. வழியில் ஒரு துண்டுச் சீட்டு தருவார்கள். கடைசி கேட்டில் அதை வாங்கிக்கொண்டுதான் விடுவார்கள். தபால் தலை போல இருக்கிறதே என்று டேஷ்போர்டில் வீசிவிடாதீர்கள். அது காற்றில் போய் சீட்டுக்கடியில் விழுந்தால், பின்னால் நிற்கும் இருபது வண்டிகளும் ஹாரன் அடிக்க, குடும்பமே குனிந்து தேட வேண்டியிருக்கும். எந்தக் கவுண்டரையும் விட்டுவிட்டுத் தாண்டாதீர்கள். எக்ஸிட் பதிவாகாமல் ஓமானுக்குள் போய்விட்டால் திரும்பும்போதுதான் சிக்கல் தெரியும்.

ஈத் விடுமுறையின் முதல் நாள் காலையில் ஹத்தா எல்லைக்குப் போக வேண்டாம். மணிக்கணக்கில் நிற்பீர்கள். முந்தின நாள் பின்னிரவோ, மறுநாள் விடியற்காலையோ கிளம்பினால் அரை மணியில் தாண்டலாம். இன்னொன்று, துபாய்ச் சாலைகளில் குறித்த வேகத்துக்கு மேல் 20 கி.மீ. வரை விட்டுக்கொடுக்கும் பழக்கம் கேமராவுக்கு உண்டு. ஓமானில் அதை எதிர்பார்க்காதீர்கள். 120 என்றால் 120.

என் அப்பா, அம்மா விசிட் விசாவில் இரண்டு மாதம் வந்திருக்கிறார்கள். அவர்களையும் ஓமானுக்கு அழைத்துப் போகலாமா? அம்மாவுக்கு முழங்கால் வலி. (துபாய் வாசகி)

விசாத் தாளை எடுத்து 'சிங்கிள் என்ட்ரி'யா, 'மல்டிப்பிள் என்ட்ரி'யா என்று பாருங்கள். சிங்கிள் என்றால் அழைத்துப் போகவே கூடாது. எல்லையைத் தாண்டிய நிமிடத்தில் அந்த விசா முடிந்துபோகும், திரும்பி உள்ளே வர முடியாது. காரில் போனாலும் விமானத்தில் போனாலும் இதுதான். பெற்றோரை எல்லையில் உட்கார வைத்துவிட்டு அவசரமாகப் புது விசாவுக்கு அலையும் குடும்பங்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு. மல்டிப்பிள் என்றாலும் ஓமான் விசா அவர்களுக்குத் தனியாக வேண்டும். வளைகுடா ரெசிடென்ஸ் உள்ளவர்களுக்கான வழி அவர்களுக்குப் பொருந்தாது.

ஓமானுக்குப் பதில் ஹத்தா போகலாம் என்றாலும் கவனிக்க வேண்டிய ஒரு பொறி இருக்கிறது. ஹத்தா அமீரகத்துக்குள்தான் இருக்கிறது. ஆனால் துபாயிலிருந்து போகும் பழைய இ44 சாலை, மதாம் தாண்டியதும் நடுவில் ஓமான் மண்ணைத் தொட்டுவிட்டு மறுபடி அமீரகத்துக்குள் வருகிறது. அங்கே சோதனைச் சாவடி உண்டு. மலீஹா பக்கமாகக் கல்பா போகும் இ102 சாலையைப் பிடித்துச் சுற்றிக்கொண்டு போனால் நாட்டை விட்டு வெளியே போகாமலே ஹத்தா அணைக்குச் சேரலாம். செல்போன் வரைபடம் காட்டும் குறுக்கு வழியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றாதீர்கள்.

முழங்கால் வலி உள்ள அம்மாவுக்கு எங்கள் பரிந்துரை அல் ஐன். 2011இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பேரீச்சந்தோப்பில் கல் பாவிய நிழல் பாதைகள் இருக்கின்றன. படி ஏற வேண்டாம், ஓரத்தில் ஃபலஜ் வாய்க்காலில் நீர் சலசலத்து ஓடும். காவிரிக் கரைக்காரர்கள் அந்த வாய்க்கால் ஓரத்தை விட்டு எழுந்து வர மனமில்லாமல் உட்கார்ந்துவிடுவார்கள். மாலையில் ஜெபல் ஹஃபீத் உச்சிக்கு வண்டியிலேயே போகலாம். 12 கிலோமீட்டருக்குள் 60 வளைவு இருப்பதால் சாப்பிட்ட உடனே ஏற்றாதீர்கள், பின் சீட்டில் இருப்பவர்களுக்குத் தலை சுற்றும்.

ஜெபல் அக்தர் மலைக்குப் போனோம். அடிவாரத்தில் போலீஸ் எங்கள் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எஸ்யூவிதான் என்றாலும் விடவில்லை. என்ன காரணம்? (மஸ்கட் வாசகர்)

எஸ்யூவி தோற்றம் இருந்தால் போதாது, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாக இருக்க வேண்டும். ஒரே மாடலில் இரு சக்கர இழுவையும் விற்பார்கள், நான்கு சக்கர இழுவையும் விற்பார்கள். அடிவாரத்து ஊரான பிர்கத் அல் மௌஸ் தாண்டிய சாவடியில் முல்கியாவையும் லைசென்ஸையும் பார்ப்பார்கள், சந்தேகம் வந்தால் குனிந்து வண்டிக்கு அடியிலும் பார்ப்பார்கள். மேலே நல்ல தார்ச் சாலைதானே, எதற்கு இந்தக் கெடுபிடி என்று நீங்கள் நினைக்கலாம். ஏறுவதற்காக அல்ல, இறங்குவதற்காக. சுமார் 2,000 மீட்டர் உயரத்திலுள்ள சைக் சமவெளியிலிருந்து செங்குத்தாக இறங்கும் அந்தப் பாதையில் பிரேக் பிடிக்காமல் போய் நடந்த விபத்துகளே இந்த விதிக்குக் காரணம். பிரேக் போன வண்டி ஏறி நிற்பதற்கென்றே ஓரத்தில் சரளை மேடுகள் கட்டி வைத்திருப்பதை மேலே போகும்போது பார்க்கலாம்.

பிரேக் ஏன் போகிறது? மிதித்துக்கொண்டே இறங்கினால் டிஸ்க் பழுக்கக் காய்ந்து, அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறுகிறது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. இரண்டு, மூன்று ஆண்டு மாற்றாத ஆயிலில் நீர் கலந்திருக்கும். அது கொதித்து ஆவிக்குமிழி உண்டானால் பெடல் பஞ்சு போல உள்ளே போகும், வண்டி நிற்காது. ஆகவே இறங்கும்போது ஆட்டோ கியரில் இருந்தாலும் 'டி'யில் விடாதீர்கள். 2க்கோ 'எல்'லுக்கோ மாற்றுங்கள். எஞ்சின் உறுமும், மீட்டர் 3,500 வரை ஏறும். பயந்து மறுபடி 'டி'க்குப் போக வேண்டாம், அதுதான் சரியான சத்தம். அதற்கு மேலும் வேகம் கூடினால் பிரேக்கை நன்றாக ஒரு முறை அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு முழுவதுமாக விடுங்கள், லேசாக மிதித்துக்கொண்டே வராதீர்கள். கருகிய வாடை வந்தால் அடுத்த ஒதுக்கிடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி ஆற விடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது. சூட்டில் இருக்கும் டிஸ்க் வளைந்தோ வெடித்தோ போகும்.

உங்கள் வண்டி இல்லாமலும் மேலே போகலாம். பிர்கத் அல் மௌஸில் ஃபோர் வீல் வண்டியோடு உள்ளூர் ஓட்டுநர்கள் நிற்பார்கள். காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்து முன்பே விலை பேசிக்கொள்ளுங்கள். ஏப்ரலில் போனால் அல் அக்ர், அல் ஐன், ஷுரைஜா கிராமப் படிக்கட்டு வயல்களில் ரோஜா பறிப்பு நடக்கும். விடிந்ததும் பறித்து, மண் அடுப்பில் ஏற்றிப் பன்னீர் வடிப்பார்கள். புகை வாடை கலந்த பழுப்பு நிறப் பன்னீர் அது. ஊர்ப் பன்னீரின் மணத்தை எதிர்பார்த்து முகராதீர்கள், இது வேறு. ஆகஸ்ட், செப்டம்பர் என்றால் மாதுளை. டிசம்பரில் இரவுக் குளிர் பூஜ்யத்தை நெருங்கும், மஸ்கட்டில் போடும் சட்டையோடு போய்விடாதீர்கள்.

சலாலா பக்கம் தமிழ் எழுத்துள்ள பானை ஓடு கிடைத்ததாகச் சொல்கிறார்களே, உண்மையா? வாங்கி வர என்ன இருக்கிறது? (சோஹார் வாசகர்)

உண்மைதான். தாக்காவுக்கும் மிர்பாத்துக்கும் இடையே கோர் ரோரி என்ற கழிமுகம் இருக்கிறது. அதன் மேட்டில் சம்ஹுரம் என்ற பழைய துறைமுக நகரின் இடிபாடுகள். அங்கே இத்தாலியக் குழு 2006இல் தோண்டியபோது கிடைத்த ஓட்டில் தமிழ்-பிராமியில் 'ணந்தை கீரன்' என்று பொறித்திருந்தது. காலம் கி.பி. முதலாம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். சங்கப் புலவர் பெயர்களில் நாம் பார்க்கும் அதே கீரன்தான். உடைந்த பானையின் ஒரு பகுதியை வட்டமாக்கி மூடியாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒரு வணிகனோ மாலுமியோ தன் பொருளில் தன் பெயரைக் கீறி வைத்திருக்கிறான், நாம் டிபன் பாக்ஸில் பெயர் வெட்டுவதைப் போல.

பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் காட்ட அந்த இடமே போதும். கோட்டைச் சுவருக்குப் பக்கத்தில் நின்றால் கீழே கழிமுகமும், அதைக் கடலிலிருந்து மறிக்கும் மணல் திட்டும், இரு பக்கமும் காவல் போல நிற்கும் பாறை முனைகளும் தெரியும். அந்த வாய் அன்று திறந்திருந்தது, கப்பல் உள்ளே வந்து நின்றது. பின்னர் மணல் மூடிக்கொண்டது. காலையிலேயே போங்கள், நிழல் கிடையாது. இந்த இடமும், சலாலா ஊருக்குள் உள்ள அல் பலீத் இடிபாடும், வாதி தவ்காவின் லுபான் (நறுமணப் பிசின்) மரங்களும் சேர்ந்து 2000இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன. அல் பலீத்தில் நல்ல அருங்காட்சியகம் இருக்கிறது. தூறல் வலுத்த நேரத்தில் அங்கே போகலாம்.

அந்தக் கப்பல்கள் வந்ததே லுபானுக்காகத்தான். வாங்கி வர வேண்டியதும் அதுதான். ஹஃபா சூக்கில் வாங்குங்கள். நம் வீட்டில் வெள்ளிக்கிழமை போடும் சாம்பிராணியும் இதுவும் வேறு வேறு மரத்துப் பிசின். நம்முடையது சுமத்ரா பக்கத்து மரம். இது தோஃபார் மலைக்கு அப்பாலுள்ள வறண்ட நிலத்து மரம், வாசனையில் எலுமிச்சை போன்ற ஒரு குளிர்ச்சி இருக்கும். வெளுத்து, லேசாகப் பச்சையோடிய பெரிய முத்துகள் உயர்ந்தவை, ஹோஜரி என்று கேளுங்கள். பழுப்பும் சிவப்புமாகத் தூளோடு இருப்பது கீழ்த்தரம். மூட்டையாகக் கட்டி வைத்ததை வாங்காமல், கொட்டிக் காட்டச் சொல்லி, ஒரு துண்டைக் கரியில் போட்டு முகர்ந்து பார்த்து வாங்குங்கள். கேட்டால் போட்டுக் காட்டுவார்கள்.

இரண்டு நாள் கார்ப் பயணத்துக்குக் கெட்டுப்போகாமல் என்ன கட்டிக்கொண்டு போகலாம்? போன முறை தயிர்சாதம் மதியமே புளித்துவிட்டது. (அபுதாபி வாசகி)

தயிரைப் போட்டுப் பிசைந்ததால் புளித்தது. குழைய வடித்த சாதம் ஆறியதும் காய்ச்சி ஆறிய பாலை ஊற்றிப் பிசையுங்கள். 200 கிராம் அரிசிக்கு அரை லிட்டர் பால், இரண்டு டீஸ்பூன் தயிர் போதும். காலை ஐந்து மணிக்குப் பிசைந்தால் மதியம் இதமாக உறைந்திருக்கும். வெங்காயமும் துருவிய தேங்காயும் வேண்டாம். சாதத்தில் சூடு இருக்கும்போதே மூடிவிட்டாலும் கெட்டுப்போகும்.

நான்கு பேருக்கு அரைக் கிலோ அரிசிப் புளியோதரை இரண்டு வேளைக்கு வரும். புளிக்காய்ச்சலை முந்தின நாளே எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை காய்ச்சுங்கள். நல்லெண்ணெயில் கஞ்சத்தனம் செய்தால் மறுநாள் தாங்காது. இட்லியின் இரு பக்கமும் மிளகாய்ப் பொடியை எண்ணெயில் குழைத்துத் தடவி அடுக்கினால் முதல் நாள் இரவு வரை கவலையில்லை. தேங்காய்ச் சட்னி காரில் மூன்று மணி நேரம்கூடத் தாங்காது. டிக்கியில் எதையும் வைக்காதீர்கள், அங்கே ஏசி போகாது. ஐஸ் கட்டிக்குப் பதில், அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஆறை முந்தின இரவே உறைய வைத்து ஐஸ் பெட்டியில் அடுக்குங்கள். உருகினால் பாத்திரம் நனையாது, குடிக்கவும் ஆகும். குடிநீர் ஆளுக்கு மூன்று லிட்டர், அதற்கு மேல் வண்டி நின்றுபோனால் இருக்கட்டுமென்று 10 லிட்டர் கேன் ஒன்று.

மழை பெய்தால் வாதிக்கு (மழையில் மட்டும் நீர் ஓடும் மலைப் படுகை) போய் தண்ணீர் பார்ப்பது எங்கள் நண்பர்கள் வழக்கம். இப்போது அபராதமாமே? (ராஸ் அல் கைமா வாசகர்)

ஆம். 2023 முதல் அமீரகத்தில், தண்ணீர் வரும் வாதிக்குள் வண்டியை இறக்கினால் 2,000 திர்ஹம், லைசென்ஸில் 23 கரும்புள்ளி, வண்டி 60 நாள் பறிமுதல். மழை நேரத்தில் வாதி, அணை ஓரம் கூடி நின்றாலே 1,000 திர்ஹமும் 6 கரும்புள்ளியும். தயவுசெய்து இந்த வழக்கத்தை விட்டுவிடுங்கள். அபராதத்துக்காகச் சொல்லவில்லை. இங்குள்ள மலை மொட்டைப் பாறை, மழை மண்ணில் இறங்காது, விழுந்த அத்தனையும் வாதிக்குத்தான் வரும். நீங்கள் நிற்கும் இடத்தில் வானம் வெளுத்திருக்கும்போதே, 20 கி.மீ. தள்ளி மலையில் பெய்த மழை சுவர் போல வந்து சேரும். முழங்கால் அளவு ஓட்டமே காரை மிதக்க வைத்துத் தள்ளிவிடும். தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வரத் தொடங்கினால் அது முன்னறிவிப்பு. பாயையும் பாத்திரத்தையும் அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுங்கள். கூடாரத்தை ஒருபோதும் வாதிப் படுகையில் போடாதீர்கள், மணல் எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் சரி.

ஊரிலிருந்து திரும்பும்போது எதைக் கொண்டு வரக் கூடாது? (ஷார்ஜா வாசகி)

முதலாவது கசகசா. அமீரகத்திலும் சவூதியிலும் அது போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது. அம்மா அரைத்துத் தந்த குருமாப் பொடியிலும் இருக்கலாம், கேட்டுப் பார்த்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள். இரண்டாவது, கோடீன் கலந்த இருமல் மருந்து, டிராமடால் போன்ற வலி மாத்திரைகள். கட்டாயம் வேண்டுமென்றால் மருத்துவர் சீட்டோடு அமீரக அரசின் இணையத் தளத்தில் முன் அனுமதி வாங்கிக்கொண்டு வாருங்கள். மூன்றாவது கொப்பரை. எண்ணெய்ப் பசையால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று விமானத்தில் தடுக்கிறார்கள். துருவி வறுத்துப் பொடியாக்கி எடுத்து வந்தால் கேட்கமாட்டார்கள் என்று சொல்வார்கள், அதை நம்பி முயற்சி செய்ய வேண்டாம். முழுத் தேங்காய் இங்கேயே கடைகளில் கிடைக்கிறது.